இரண்டு பேருக்கு ஒரு துப்பாக்கி

2023 ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை காலை, கிளியனூர் நிறுத்தத்துக்குச் சற்று முன்னால், பஸ் ஓட்டிக்கொண்டிருந்த தேவாவுக்கு இடது கால் வரவில்லை. கிளட்ச்சை மிதிக்க வேண்டிய கால் மூட்டைபோலக் கிடந்தது. கியர் மேல் இருந்த இடது கையும் நழுவித் தொடையில் விழுந்தது. வலது காலால் பிரேக்கை அழுத்தி, வலது கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினான். ஐம்பது அறுபது பேர் ஏறியிருந்த வண்டி. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நடத்துநர் ஓடி வந்து பார்த்தபோது தேவாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"இன்னாண்ணே ஆச்சு?"

"வண்டிய ஆஃப் பண்ணு" என்றான் தேவா. குழறலாக வந்தது. "சாவிய எடுத்துடு."

விழுப்புரத்தில், நேருஜி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், அவனுடைய அக்கா ஜெசிந்தா அந்த நேரம் தன் கடையில் உட்கார்ந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக அவளுக்கு அதுதான் தொழில். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா ஃபிளெக்ஸ், பிறந்தநாள் பேனர் எல்லாம் செய்வாள். தேவாவைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக நடத்துநர் ஃபோனில் சொன்ன பிறகு திரையில் இருந்த போஸ்டரை அவளால் பார்க்க முடியவில்லை. கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு, ஷட்டரை இழுத்து மூடி, புதுச்சேரி பஸ் ஏறினாள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். ஆனால் இடது கையும் காலும் பழகி வர மாதக்கணக்கில் பிசியோதெரபி வேண்டும். தேவாவின் மனைவி அன்புச்செல்விக்குத் திண்டிவனத்தில் அங்கன்வாடி வேலை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். பிசியோதெரபி மையமோ விழுப்புரத்தில், ஜெசிந்தாவின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது.

"எங்கிட்ட உடு. நான் பாத்துக்கறேன்" என்றாள் ஜெசிந்தா.

அன்புச்செல்வி தயங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களே, அண்ணி."

"சண்டையா போட்டுக்கினோம்? அதெல்லாம் ஒண்ணுமில்ல."

சண்டை இல்லைதான். கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், சாவுக்கு வருவார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச்சு நின்றுபோய் இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

2001-இல் ஜெசிந்தாவுக்கு இருபத்தொரு வயது. கிளியனூரில் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்த குடும்பம் அது. வீட்டில் முதல் முறையாக ஒருத்தி கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று அம்மாவுக்குப் பெருமை. திண்டிவனம் செஞ்சி ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் சென்டர். சொல்லிக்கொடுத்தவர் கலீல் ரஹ்மான், கோட்டக்குப்பத்துக்காரர், அவளைவிட நான்கு வயது மூத்தவர். சனிக்கிழமைகளில் வகுப்பு முடிய நேரமாகும் என்பதால், அரசுக் கல்லூரியில் முதலாண்டு படித்த தேவா அக்காவைக் கூட்டிப்போக வருவான். அவன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு நாள் கலீல்தான் அந்த விளையாட்டைத் திறந்துவிட்டார்.

அப்போதே அது எட்டு வருஷப் பழசு. அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. சென்டரில் எல்லோரும் பூதக்கோட்டை என்றார்கள். திரையின் அடியில் ஒரு துப்பாக்கி மட்டும் தெரியும். பிடித்திருக்கும் ஆள் தெரியமாட்டான், ஏனென்றால் அந்த ஆள் நாம்தான். சிவப்புச் சாவி கிடைத்தால் சிவப்புக் கதவு திறக்கும், நீலச் சாவிக்கு நீலக் கதவு. வழியெல்லாம் பூதங்கள். மவுஸே வேண்டாம். அம்புக்குறி பட்டன்களை அழுத்தினால் நடக்கலாம், கன்ட்ரோல் பட்டனில் சுடலாம், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கதவு திறக்கும்.

ஒரே நாற்காலியில் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக உட்காருவார்கள். வலது பக்கம் தேவா, அம்புக்குறிகள் அவனுக்கு. இடது பக்கம் ஜெசிந்தா, சுடுவதும் கதவு திறப்பதும் அவளுக்கு. அவன் நடப்பான், அவள் சுடுவாள். அவள் சுட்ட பிறகும் அவன் ஓடாமல் நின்றால் தொடையில் ஒரு கிள்ளு. அவர்கள் வழி தெரியாமல் திணறும்போது கலீல் பின்னால் வந்து நின்று, "அந்தச் சுவரைத் தட்டிப் பாருங்க" என்பார். தட்டினால் சுவர் மேலேறி, உள்ளே ஒரு ரகசிய அறை இருக்கும்.

அந்த வருஷம் டிசம்பரில் கலீல் ஜெசிந்தாவிடம், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். யோசிக்க ஒரு வாரம் வேண்டும் என்றாள். அவர் கேட்டதை மாடிப்படியில் நின்றிருந்த தேவா கேட்டுவிட்டான். பயமோ கோபமோ, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னான். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அம்மா அவளைச் சென்டருக்கு அனுப்பவில்லை. மறு வருஷம் கலீல் துபாய் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். பிறகு ஜெசிந்தாவுக்கு மாப்பிள்ளைகள் வந்தார்கள்; எல்லோரையும் வேண்டாம் என்றாள். விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிற்பாடு சொந்தக் கடை வைத்தாள். தேவா கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு லைசென்ஸ் எடுத்தான். சென்டரைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது தேவா அவள் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தான். கோலைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடப்பான். தினமும் ஷேவ் செய்துகொள்வான், முகத்தின் இடது பாதியில் முள்தாடி அப்படியே இருக்கும். காலையில் நான்கு இட்லி வைத்தால், தட்டின் வலது பக்கம் இருக்கும் இரண்டை மட்டும் சாப்பிடுவான்.

"போதுமாடா?"

"நீ ரெண்டுதான வச்ச" என்பான் எரிச்சலாக.

பிசியோதெரபி செய்த அஸ்வினி என்ற பெண் விளக்கினாள். "கண்ணுல கோளாறு இல்லீங்க அக்கா. கண்ணு பாக்குது, மூளைதான் இடது பக்கத்தை விட்டுடுது. நீங்க எப்பவும் அவருக்கு இடது பக்கமா உக்காந்து பேசுங்க. அவரே திரும்பிப் பாக்கணும். பாக்கப் பாக்கத்தான் பழகும்."

அன்று மாலை ஜெசிந்தா கட்டிலின் இடது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பேசுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவனும் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் கடையிலிருந்து லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, பூதக்கோட்டையைத் திறந்தாள். இணையத்தில் அது சுலபமாகக் கிடைத்தது.

தேவா வெகுநேரம் திரையையே பார்த்தான். பிறகு வலது கையைத் தூக்கி அம்புக்குறிகளின் மேல் வைத்தான்.

முதல் கட்டத்தை முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. இடது பக்கச் சுவரில் முட்டி முட்டி நின்றான். இடது பக்கக் கதவுகள் அவனுக்கு இல்லாத கதவுகள். ஜெசிந்தாவுக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவள் நினைவில் இருந்த கோட்டை பெரியது, இருட்டானது. திரையில் இருந்தது கட்டம் கட்டமான சுவர்களுடன் சின்னதாக இருந்தது. பூதங்கள் செத்து விழுந்ததும் அட்டையில் வெட்டிய படம்போல, எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்த்துக்கொண்டு கிடந்தன.

இரண்டாம் கட்டத்தில் ஒரு முட்டுச்சந்தில் தேவா நின்றான்.

"அக்கா, அந்த செவுத்தைத் தட்டு."

"எந்த செவுரு?"

"எதிர்ல இருக்குதே. கலீல் அண்ணன் காட்டுனாரில்ல."

ஜெசிந்தா ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். சுவர் மேலேறியது. அந்தப் பெயரை அவன் வாயிலிருந்து அத்தனை வருஷம் கழித்துக் கேட்டதில் அவள் கை அங்கேயே நின்றுவிட்டது. அவனும் அதை உணர்ந்துகொண்டான். "தலை சுத்துது, போதும்" என்றான்.

தலைசுற்றல் பொய்யில்லை. பழைய விளையாட்டில் நடக்கும்போது காட்சி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு முறை வாந்தியே வந்துவிட்டது. அஸ்வினி, "தலை சுத்தாத மாதிரி வேற எதாவது இருந்தா விளையாடுங்க, நல்லதுதான்" என்றாள். ஜெசிந்தா தேடினாள். அப்போதுதான் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அந்தப் பழைய விளையாட்டுகளைப்போலவே இப்போது புதிதாகச் செய்கிறார்களாம், உலகம் முழுக்க, மூன்று பேர் நான்கு பேர் சேர்ந்து; வேண்டுமென்றே புள்ளி புள்ளியாக, வேண்டுமென்றே சாவியும் கதவும் வைத்து. பூதக்கோட்டை வந்ததற்குப் பிறகு பிறந்தவர்கள், அதைச் சின்ன வயதில் விளையாடியே இராதவர்கள்கூட.

ஒன்றை இறக்கினாள். முதல் காட்சியிலேயே தொழில் புத்தி விழித்துக்கொண்டது. பூதங்களின் உடம்பில் அதே தடித்த புள்ளிகள். ஆனால் தீப்பந்த வெளிச்சம் சுவரில் அசைந்தது, புகை கலைந்தது, குண்டு பட்ட இடத்தில் காரை உதிர்ந்தது. அந்தக் காலத்தில் அதற்குமேல் கம்ப்யூட்டரால் முடியாது என்று நின்ற இடத்தில், இவர்கள் ஆசைப்பட்டு நின்றிருந்தார்கள். தன் நினைவில் இருந்த கோட்டை இதுதான் என்று அவளுக்குப் பட்டது. முக்கியமாக, காட்சி ஆடுவதை நிறுத்த ஒரு பட்டன் இருந்தது. வேகத்தைக் குறைக்கவும் ஒன்று இருந்தது.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. பழையதில் பூதம் மாடியில் நின்றாலும், நேராக நின்று சுட்டால் குண்டு தானாக மேலே போகும். புதியதில் மவுஸால் குறி பார்க்க வேண்டும், மேலே, கீழே, சுற்றிலும். நடப்பதற்கு இடது கை, சுடுவதற்கு வலது கை. தேவாவிடம் இருந்ததோ வலது கை மட்டும்.

"அப்ப நீ சுடு. நான் நடக்கறேன்" என்றாள் ஜெசிந்தா.

"இன்னாது? நீ ஓட்டுவியா?"

"ஏன், ஓட்டக் கூடாதா?"

"சைக்கிளே ஒழுங்கா ஓட்ட மாட்ட நீ. பேஜாரு."

ஆனாலும் மவுஸைப் பிடித்தான். முதல் நாள் ரகளை. அவள் ஒரு பக்கம் போக, அவன் வேறு பக்கம் பார்த்துச் சுட்டான். பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன், மற்றவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்த எரிச்சலில் கத்தித் தீர்த்தான். "ஒதுக்கு, ஒதுக்கு! பின்னால எடு! ஜல்தி! ஐயோ, எங்க போய்க்கினு இருக்க?" பல நாள் கழித்து அவன் குரலை முழுசாகக் கேட்ட ஜெசிந்தாவுக்குத் திட்டு வாங்குவது சந்தோஷமாக இருந்தது.

இடது பக்கத்திலிருந்து வந்த பூதங்கள் எல்லாம் அவனைக் கொன்றன. அவனுக்கு அவை வருவதே தெரியவில்லை. ஆனால் இடது பக்கம் அடி விழுந்தால் திரையின் இடது ஓரம் சிவப்பாகும். பழையதில் அந்த வசதி இல்லை. ஜெசிந்தா அவன் இடது காதருகே, "இந்தப் பக்கம்டா, இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவன் முகத்தைத் திருப்பி அவளைத் தேடுவான், பிறகு சிவப்பைப் பார்ப்பான், பிறகு சுடுவான். அதற்குள் செத்திருப்பார்கள். மறுபடி ஆரம்பிப்பார்கள்.

செப்டம்பர் முழுக்க, கடையை மூடிவிட்டு வந்ததும் ஒரு மணி நேரம் இதுதான். தேவா சாகும் எண்ணிக்கை குறைந்தது. பிறகு ஒரு நாள், அவள் வாய் திறப்பதற்குள் மவுஸ் இடது பக்கம் திரும்பி, பாய்ந்து வந்த பூதத்தைச் சுட்டது.

"நான் சொன்னனா?" என்றாள் ஜெசிந்தா.

"சொல்லல. நானே பாத்தேன்."

மறுநாள் காலை தட்டைத் தானே சற்றுத் திருப்பி, நான்கு இட்லியையும் சாப்பிட்டான். ஜெசிந்தா சட்னி எடுக்கப் போகிறவள்போலச் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

விளையாட்டைப் பற்றி அவர்களுக்குள் பெரிய தகராறே நடந்தது. ஜெசிந்தாவுக்குப் புதியது பிடித்தது. தேவாவுக்குப் பழையதுதான் விளையாட்டு.

"புதுசுல இவன் வழி தேட உட மாட்டேங்குறான்க்கா. ஒரு ரூமுக்குள்ள போனா கதவ சாத்திட்டு நாப்பது பேர உடறான். அடிச்சு முடிச்சா அடுத்த ரூமு. பைபாஸ்ல பாயிண்ட் டு பாயிண்ட் போற மாதிரி இருக்குது. பழசு டவுன் பஸ்ஸு. ஊர் ஊரா நுழைஞ்சு, சுத்திக்கினு, வந்த எடத்துக்கே வந்து நிக்கும். அப்பதான் ஊரு தெரியும்."

"சுத்திக்கினே இருந்தா எப்ப போய்ச் சேர்றது? பாதி நேரம் சாவி எங்கன்னு தேடியே போயிடுது. இதுல பாரு, எப்டி ஓடறோம்! பழசுல இந்த ஓட்டம் ஏது?"

"ஓடி இன்னா பண்ணப்போற?"

அவள் கட்சி மாறவில்லை. ஆனாலும் தலைசுற்றல் நின்ற பிறகு, அவனுக்காக வாரத்தில் ஒரு நாள் பழையதையும் திறந்தாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையால் அன்புச்செல்வியும் பிள்ளைகளும் வராமல்போன அன்று, புதிய விளையாட்டில் ஒரு பெரிய சண்டையை முடித்தார்கள். பூதமெல்லாம் தீர்ந்து, தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஜெசிந்தா நடக்கப் போனாள்.

"இரு, அக்கா" என்றான் தேவா. "அன்னிக்கு நான் வூட்ல சொல்லாம இருந்திருக்கலாம்."

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருந்திருக்கலாம்தான்."

"பத்தொம்பது வயசு எனக்கு. வெவரம் தெரியாதுன்னு சொல்ல முடியாது."

"கோவம் இருந்துச்சுடா. ரொம்ப நாளு. அம்மா செத்தப்ப உன்ன கட்டிப்புடிச்சு அழுதேனே, அப்பகூட இருந்துச்சு. எப்ப போச்சுன்னு தெரியல. ஒரு நாள் தேடிப் பாத்தேன், இல்ல."

தேவா கேட்டான். "நான் சொல்லாம இருந்திருந்தா, நீ இன்னா சொல்லியிருப்ப அவருக்கு?"

ஜெசிந்தா உண்மையாகவே யோசித்தாள். அத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"தெரியல. தெரியாததாலதான ஒரு வாரம் கேட்டேன். ஆனா அந்த ஒரு வாரம் என்னோடது. அதுதான் எனக்கு இருந்துச்சு."

தேவாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கத் தூக்கிய கை வலது கைதான். மவுஸ் மேசையிலிருந்து விழுந்தது. "இந்த சீக்கு வந்தவங்களுக்கு அழுகை ஜாஸ்தியா வருமாம். அஸ்வினி சொல்லுச்சு" என்றான்.

"ஆமாமா, அஸ்வினி சொல்லுச்சு" என்று சொல்லி, முந்தானையால் அவன் முகத்தின் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டாள்.

நவம்பர் நடுவில் அவன் இடது கட்டைவிரல் அசைந்தது. அஸ்வினி பந்து கொடுத்தாள், துணிக் கிளிப் கொடுத்தாள். வீட்டில் அவன் அந்தக் கையை வலது கையால் தூக்கி ஸ்பேஸ் பாரின்மேல் வைத்துக்கொண்டான். புதியதில் அந்தப் பட்டன் தாவுவதற்கு. அவசரத்தில் தாவ வேண்டும், விரல் வருவதற்குள் பள்ளத்தில் விழுந்துவிடுவார்கள். பழையதில் அது கதவு திறப்பதற்கு. கதவு காத்திருக்கும். "பாத்தியா, பழசுக்குப் பொறுமை இருக்குது" என்றான் தேவா. இந்த ஒரு விஷயத்தில் ஜெசிந்தா ஒப்புக்கொண்டாள். ஒரு கதவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆனது. அவள் ஸ்பேஸ் பாரின் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கோலுடன் தானே நடந்து திண்டிவனம் பஸ் ஏறினான். கை முழுதாக வரவில்லை. இடது பக்கம் சில சமயம் இன்னும் நழுவிப்போகும். இனி பஸ் ஓட்ட முடியாது என்று டாக்டர் சொன்னதை அவன் வாக்குவாதம் இல்லாமல் கேட்டுக்கொண்டான். அன்று இரவு சாப்பிடவில்லை. பஸ் முதலாளி வேங்கடேசன் நல்ல மனிதர், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நேரக்காப்பாளர் வேலை கொடுத்தார். வண்டி வரும் நேரம், கிளம்பும் நேரம் குறித்து, தாமதிக்கிற டிரைவர்களை விரட்டுகிற வேலை. கத்துவதற்குப் பழக்கம் இருந்ததால் நன்றாகவே செய்கிறான் என்று அன்புச்செல்வி சொல்கிறாள்.

தம்பி போன பிறகு வீடு மறுபடி அமைதியானது. ஜெசிந்தாவுக்கு அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. முப்பது வருஷம் ஆகியும் பழைய விளையாட்டுக்குப் புதுப்புதுக் கட்டங்களை யார் யாரோ வரைந்து இணையத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரைவதற்கான மென்பொருளைத் திறந்து பார்த்தாள். கோடு போட்டு, அறை பிரித்து, சுவருக்குப் படம் ஒட்டும் வேலை. ஃபிளெக்ஸ் செய்கிறவளுக்கு அது அந்நியமாக இல்லை. நான்கு மாதம் உட்கார்ந்து ஒரு கட்டம் வரைந்தாள். ஒரு சந்தை, மாடிக்கட்டடங்கள், தண்ணீர்த் தொட்டி, நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்ட். தம்பி கேட்ட சுற்றுவழிகளை வைத்தாள். தனக்குப் பிடித்த மாதிரி ஓட நீளமான தெருக்களும் வைத்தாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனாள். அன்புச்செல்வி மீன் குழம்பு வைத்திருந்தாள். தேவா சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கட்டம் முழுக்கச் சுற்றி வந்தான். சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் வந்து நின்றான்.

"இது தப்பு" என்றான்.

"இன்னா தப்பு?"

"இந்த முக்குல பஸ்ஸு திரும்பாது."

"இதுல பஸ்ஸே ஓடலடா."

"ஸ்டாண்டு வச்சிருக்க இல்ல? அப்ப வண்டி எங்கருந்து வரும்?"

"மீன் ஆறுது" என்று அன்புச்செல்வி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

அன்று மாலை விழுப்புரம் திரும்பியதும், செருப்பைக் கழற்றிய கையோடு ஜெசிந்தா லேப்டாப்பைத் திறந்து, அந்த முக்கில் இருந்த இரண்டு கடைகளை இடித்துப் பாதையை அகலப்படுத்தினாள்.